ஒரே ஆஸ்பத்திரி, எல்லோருக்கும் ஒரே விலை: மேரிலாண்டின் ஐம்பது ஆண்டுக் கணக்கு

2013 மே மாதம் அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் நிர்வாகம் ஒரு நீண்ட அட்டவணையை வெளியிட்டது. நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள், அடிக்கடி நடக்கும் 100 வகைச் சிகிச்சைகளுக்கு எவ்வளவு பில் போடுகின்றன என்ற விவரம் அதில் இருந்தது. மூட்டு மாற்று அறுவைக்கு ஒக்லஹோமாவின் ஏடா என்ற சின்ன ஊரில் ஒரு மருத்துவமனை போட்ட பில் 5,300 டாலர். கலிஃபோர்னியாவின் மான்டரே பார்க்கில் இன்னொரு மருத்துவமனை போட்டது 2,23,000 டாலர். நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். ஊர் வாடகை, நர்ஸ் சம்பளம், நோயாளியின் வயது என்று எதைச் சொன்னாலும் இந்த இடைவெளிக்குக் கணக்கு வராது.

அதே அட்டவணையில் மேரிலாண்ட் மாநிலத்தைத் தேடிப் பார்த்தவர்களுக்கு வேறு காட்சி கிடைத்தது. அங்கே பில்லில் எழுதிய தொகையும், மருத்துவமனையின் கைக்கு வந்த தொகையும் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருந்தன. காரணம் எளிது. அங்கே மருத்துவமனை தன் விலையைத் தானே எழுத முடியாது. ஒரு மாநில ஆணையம் எழுதுகிறது.

மருத்துவச் செலவு நாட்டுக்கு நாடு ஏன் இவ்வளவு மாறுகிறது என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கு ஒரு மாநிலம் எதற்கு என்று கேட்கலாம். நாடுகளை நேருக்கு நேர் வைத்தால் தப்பிக்க எப்போதும் ஒரு வழி இருக்கும்: அவர்கள் சாப்பாடு வேறு, வரி வேறு, டாக்டர் படிப்புச் செலவு வேறு. மேரிலாண்டில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. அதே அமெரிக்க டாக்டர்கள், அதே மருந்துக் கம்பெனிகள், அதே இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். மாறியது, விலையை யார் முடிவு செய்வது என்ற ஒன்று மட்டும்தான். முதலில் அந்த மாநிலம் எல்லோருக்கும் ஒரே விலை என்ற ஜப்பான், ஜெர்மனி வழியில் போனது. நாற்பது ஆண்டு கழித்து, மொத்தமாக ஒரு பட்ஜெட் என்ற கனடா, பிரிட்டன் வழிக்கு ஒரு படி நகர்ந்தது. இரண்டு வழியிலும் அதற்கு என்ன கிடைத்தது, எங்கே இடித்தது என்று பார்ப்போம்.

பில் எப்படித் தயாராகிறது

மற்ற மாநிலங்களில் ஒவ்வொரு மருத்துவமனையும் ‘சார்ஜ்மாஸ்டர்’ என்று ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கும். ஊசி, பஞ்சு, எக்ஸ்ரே, அறை வாடகை என்று ஆயிரக்கணக்கான வரிகள். வசதியுள்ள யாரும் அந்த விலையை அப்படியே கொடுப்பதில்லை. பேரம் பேச ஆளில்லாதவரிடம்தான் அது முழுசாகக் கேட்கப்படும்.

65 வயது தாண்டியவர்களுக்கான மெடிகேர், தான் நிர்ணயித்த தொகையைத்தான் கொடுக்கும். ஏழைகளுக்கான மெடிகெய்டு பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத் தரும். தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தனித்தனியாகப் பேரம் பேசும். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டுக் கணக்குகளை அலசியபோது, மெடிகேர் 100 டாலர் கொடுக்கும் வேலைக்குத் தனியார் இன்ஷூரன்ஸ் சராசரியாக 254 டாலர் கொடுப்பது தெரிந்தது. ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் ஒரே அறுவை முடிந்து படுத்திருக்கும் மூன்று பேருக்கு மூன்று விலை. நான்காவது ஆள் இன்ஷூரன்ஸ் இல்லாதவராக இருந்தால் நான்காவது விலை.

இதன் கூட்டுத்தொகைதான் அமெரிக்காவின் கணக்கு. 2023இல் அந்த நாடு மருத்துவத்துக்குச் செலவழித்தது 4.9 லட்சம் கோடி டாலர். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17.6 சதவீதம், தலைக்கு 14,570 டாலர். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மருத்துவமனைகளுக்குப் போனது. ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், பிரிட்டன் எல்லாம் 11, 12 சதவீதத்தை ஒட்டி நிற்கின்றன.

அமெரிக்கர்கள் அதிகமாக ஆஸ்பத்திரியில் படுக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரார்ட் ஆண்டர்சனும் பிரின்ஸ்டனின் ஊவே ரைன்ஹார்ட்டும் வேறு இருவரும் சேர்ந்து 2003இல் பல நாட்டுக் கணக்குகளை ஒப்பிட்டார்கள். டாக்டரைப் பார்ப்பதிலும் படுக்கையில் இருக்கும் நாட்களிலும் அமெரிக்கா மற்றவர்களைவிட முன்னால் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் கொடுக்கும் விலைதான் கூடுதல். 2018இல் 11 பணக்கார நாடுகளை வைத்து நடந்த இன்னொரு ஒப்பீடும் அதே இடத்துக்குத்தான் வந்தது. நிர்வாகச் செலவு மட்டும் அமெரிக்காவில் மருத்துவச் செலவின் 8 சதவீதம், மற்ற நாடுகளில் 1 முதல் 3 சதவீதம் என்றும் அது சொன்னது. இத்தனை விலை இருந்தால் அவற்றைப் பேசி, எழுதி, மறுத்து, மறுபடி அனுப்ப ஆள் வேண்டாமா?

2021 ஜனவரி முதல் மருத்துவமனைகள் பேரம் பேசிய விலைகளையும் இணையத்தில் போட வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் நெஞ்சுவலியோடு ஆம்புலன்ஸில் போகிறவர் எக்ஸெல் ஷீட் திறந்து மூன்று ஆஸ்பத்திரிகளை ஒப்பிடுவார் என்று நம்புகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதே இல்லை என்று நினைக்கிறேன்.

ஆணையம்

மேரிலாண்ட் சட்டசபை 1971இல் மருத்துவமனைக் கட்டணங்களுக்கென்று ஒரு ஆணையத்தை உருவாக்கியது. ஆளுநர் நியமிக்கும் ஏழு உறுப்பினர்கள், கீழே பொருளாதாரமும் கணக்கும் தெரிந்த அலுவலர்கள். மருத்துவமனைகளின் சங்கமே அன்று இதை ஆதரித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பால்டிமோர் நகர மருத்துவமனைகளில் பணம் கட்ட முடியாதவர்கள் ஏராளம். அந்தச் சுமையை எல்லோரும் பகிர வழி பிறக்கும் என்று அவை நம்பின. அதிகாரத்தைக் கையில் எடுத்து யாரையும் அடக்க வந்த சட்டமாக இது தொடங்கவில்லை. நீண்ட காலம் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

1974 முதல் ஆணையம் விலை எழுதத் தொடங்கியது. 1977இல் மெடிகேரும் மெடிகெய்டும் அந்த விலைகளையே கொடுக்கும் என்று மத்திய அரசு ஒப்புக்கொண்டது. தன் வழக்கமான விதியிலிருந்து மத்திய அரசு தந்த இந்த ஒரு விலக்குதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். 1983இல் மெடிகேர் நாடு முழுவதற்கும் நோய்வகைப்படி நிலையான தொகை என்ற முறைக்கு மாறியபோதும் மேரிலாண்ட் மட்டும் தன் விலையிலேயே நின்றது.

விலை எந்த அலகில் எழுதப்படுகிறது என்று பார்த்தால் முறை புரியும். சாதாரண வார்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு. அறுவை அரங்குக்கு ஒரு நிமிஷத்துக்கு இவ்வளவு. ஸ்கேனுக்கு அதன் சிக்கலுக்கேற்ற புள்ளிகள், ஒரு புள்ளிக்கு இவ்வளவு. மருத்துவமனைக்கு மருத்துவமனை இது மாறும். மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் செலவும் மலைப்பக்கத்துச் சிறு மருத்துவமனையின் செலவும் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் ஒரு மருத்துவமனைக்குள் எல்லோருக்கும் ஒரே விலைதான். மெடிகேர், மெடிகெய்டுக்கு மட்டும் ஒரு சிறு தள்ளுபடி உண்டு: நெடுநாள் 6 சதவீதம், 2019 முதல் 7.7 சதவீதம். பணம் கட்ட முடியாதவர்களுக்கான செலவும் அந்த விலைக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கும். ஏழைகள் அதிகம் வரும் மருத்துவமனை அதனால் நொடித்துப்போகாது.

இந்தியாவிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தங்கும் பெற்றோருக்கு இது நேரடியாகப் படும் விஷயம். வாஷிங்டனைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பொட்டோமாக் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மேரிலாண்ட், அந்தப் பக்கம் வர்ஜீனியா. பேரனைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்த அம்மாவுக்கு மெடிகேர் கிடையாது. இடுப்பெலும்பு முறிந்தால், வர்ஜீனியாவில் கைக்கு வருவது சார்ஜ்மாஸ்டர் விலை. அப்புறம் மகன் உட்கார்ந்து போன் மேல் போன் போட்டுத் தள்ளுபடி கேட்க வேண்டியதுதான். மேரிலாண்டில் அறுவை அரங்கின் நிமிஷ விலை, அந்த ஊர் பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் அதே விலை. குறைவான பில் என்று சொல்லவில்லை, அதுவும் பல ஆயிரம் டாலர்தான். ஆனால் அந்நியர் என்பதற்காகத் தனி விலை இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: ஆணையத்தின் கை டாக்டர் பில்லுக்கு எட்டாது. அறுவை செய்தவர், மயக்கம் கொடுத்தவர் ஆகியோரின் பில் தனித்தனியாக வரும், அவை இந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே.

பலன் என்ன? 1976இல் மேரிலாண்டில் ஒரு நோயாளியை உள்ளே சேர்க்கும் செலவு தேசிய சராசரியைவிட 26 சதவீதம் அதிகம். 2007 வாக்கில் அது சராசரிக்குக் கொஞ்சம் கீழே வந்திருந்தது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வேறு பல மாநிலங்களும் ஏதோ ஒரு வகையில் மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டுப்படுத்தப் பார்த்தன. நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் எல்லாம் முழு அளவில் இறங்கியவை. தொண்ணூறுகளில் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே பேரம் பேசி விலையைக் குறைத்துவிடும், அரசு எதற்கு என்ற நம்பிக்கை அப்போது உச்சத்தில் இருந்தது. பிறகு மருத்துவமனைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின. பேரத்தில் யார் கை ஓங்கியது என்பதை அந்த 254 டாலரே காட்டிவிடுகிறது.

ஜப்பானும் ஜெர்மனியும் செய்வது இதுதான்

ஒரே விலைப்பட்டியல் என்பது அமெரிக்காவுக்குத்தான் விசித்திரம். 1961 முதல் எல்லோருக்கும் காப்பீடு உள்ள ஜப்பானில் டோக்கியோவின் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைக்கும் கிராமத்து மருத்துவமனைக்கும் ஒரே தேசியப் பட்டியல். ஒவ்வொரு சேவைக்கும் இத்தனை புள்ளி, ஒரு புள்ளிக்கு 10 யென். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டாக்டர்கள், காப்பீட்டு நிறுவனங்கள், பொதுநலப் பிரதிநிதிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்துவார்கள். எது அளவுக்கு மீறி வளர்கிறதோ அதன் புள்ளி வெட்டப்படும். 2002இல் தலைக்கான எம்ஆர்ஐ விலையை 16,600 யென்னிலிருந்து 11,400 யென்னுக்கு இறக்கினார்கள். மருத்துவமனைகள் விலை குறைந்த மெஷின்களைக் கேட்டன, கம்பெனிகள் தயாரித்துக் கொடுத்தன. மக்கள்தொகைக்கு ஏற்றபடி பார்த்தால் உலகிலேயே அதிக எம்ஆர்ஐ மெஷின்கள் இன்று அங்கேதான் இருக்கின்றன.

நோயாளியின் பங்கு பொதுவாக 30 சதவீதம். அதற்கும் மாத உச்சவரம்பு உண்டு. நடுத்தர வருமானக்காரருக்கு 2025இலும் நடப்பில் இருந்த நெடுநாள் சூத்திரம்: 80,100 யென், அதோடு மொத்தச் செலவில் 2,67,000 யென்னுக்கு மேற்பட்ட பகுதியில் 1 சதவீதம். ஒரு மாதத்தில் பில் பத்து லட்சம் யென் வந்தால் 30 சதவீதக் கணக்கில் மூன்று லட்சம் கட்ட வேண்டும். வரம்பு இருப்பதால் கட்டுவது 87,430 யென். இந்த வரம்பை உயர்த்த 2025 தொடக்கத்தில் அரசு முயன்றபோது புற்றுநோயாளிகள் அமைப்புகள் எதிர்த்து எழுந்தன, மார்ச்சில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. மூன்றே எண்களில் ஒரு சூத்திரத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு மக்கள் அரசோடு சண்டை போட முடிகிறது. அமெரிக்கச் சார்ஜ்மாஸ்டரை வைத்துக்கொண்டு யாரோடு, எந்த வரிக்காகச் சண்டை போடுவது?

ஜெர்மனியில் நூற்றுக்கு மேல் காப்பீட்டு நிதியங்கள் இருந்தன, இன்னும் ஏறத்தாழ அந்த அளவில் இருக்கின்றன. ஆனாலும் ஒரு மாநிலத்துக்குள் ஒரு சிகிச்சைக்கு ஒரே விலை. நோயாளி கட்டுவது நாளுக்கு 10 யூரோ, ஆண்டுக்கு அதிகபட்சம் 28 நாள். 280 யூரோவோடு கதை முடிந்தது. இதில் ஒரு வேடிக்கை. நோய்வகைப்படி நிலையான தொகை என்ற உத்தியே அமெரிக்கச் சரக்கு. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்சனும் எழுபதுகளில் உருவாக்கியது. ஆஸ்திரேலியா தொண்ணூறுகளிலும் ஜெர்மனி 2003, 2004 வாக்கிலும் அதை வாங்கிக்கொண்டன. ஜெர்மனி அதை எல்லா நோயாளிகளுக்கும் பயன்படுத்தியது. பிறந்த நாட்டில் அது எல்லோருக்குமான ஒரே விலையாக மாறவே இல்லை.

விலை அடங்கியது, எண்ணிக்கை ஏறியது

இங்கேதான் கதை திரும்புகிறது. விலையைப் பிடித்தால் மருத்துவமனைக்கு வருமானம் கூட்ட மிச்சம் இருக்கும் ஒரே வழி, அதிக ஆட்களைச் சேர்ப்பது.

ஜெர்மனியில் நிலையான தொகை வந்த பிறகு உள்நோயாளிகளின் எண்ணிக்கை 2016 வாக்கில் ஆண்டுக்கு 1.95 கோடியை எட்டியது. இடுப்பு மாற்று அறுவையில் அந்த நாடு உலக வரிசையில் முன்னால் நிற்பதற்கு முதியோர் அதிகம் என்பது மட்டுமே காரணம் என்று அங்கேயே பலர் நம்புவதில்லை. ஜப்பானில் படுக்கைகள் அதிகம், தங்கும் நாட்களும் அதிகம்.

மேரிலாண்டிலும் இதுவேதான் நடந்தது. ஆரம்பத்தில் எண்ணிக்கை கூடினால் விலையைக் கொஞ்சம் குறைக்கும் ஒரு கடிவாளத்தை ஆணையம் வைத்திருந்தது. 2001இல் அதை எடுத்தார்கள். அடுத்த ஆண்டுகளில் சேர்க்கைகள் வேகமாக ஏறின. ஒரு நாள் மட்டும் படுக்க வைத்து அனுப்பும் கேஸ்கள் குவிந்தன. ஒரு கேஸுக்கான சராசரிச் செலவு என்ற ஒரே அளவுகோலில்தான் மத்திய அரசு மேரிலாண்டை எடைபோட்டுக்கொண்டிருந்தது. லேசான கேஸ்கள் கூடினால் அந்தச் சராசரி அழகாக இறங்கும், மொத்தச் செலவு மேலே போகும். பரீட்சையில் பாஸ், வீட்டில் கடன். பிறகு அந்த லேசான கேஸ்கள் வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றப்பட்டபோது சராசரி மறுபடி ஏறி, பரீட்சையிலேயே தோற்றுவிடும் நிலை வந்தது. 2012, 2013இல் முழு ஏற்பாடும் அறுந்துபோகும் என்று பேச்சு இருந்தது.

இந்தியாவிலும் இதற்கு ஒரு குட்டி உதாரணம் உண்டு. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய இதய ஸ்டென்ட்டின் விலையை 30,000 ரூபாய்க்குக் கீழே கொண்டுவந்தது. பெரிய சாதனைதான். ஆனால் கட்டுப்பட்டது ஸ்டென்ட் மட்டும். கத்தீட்டர், பலூன், அரங்கக் கட்டணம், அறை வாடகை எல்லாம் சுதந்திரமாக இருந்தன. அடுத்த ஆண்டு அதே அமைப்பு தலைநகர்ப் பகுதியின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது சில நுகர்பொருட்களில் 1,700 சதவீதத்துக்கு மேல் லாபம் வைத்திருந்தது தெரிந்தது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தனியார் மருத்துவமனைகளுக்கும் தரப்படுத்திய கட்டணத்தை நிர்ணயிக்கச் சொல்லி மத்திய அரசைக் கடிந்துகொண்டது. ஒரு வரியை அழுத்தினால் பில் வேறு வரியில் வீங்கும்.

மொத்தமாக ஒரு பட்ஜெட்

மேரிலாண்டுக்குக் கைகொடுத்தது கிராமப்புறத்தில் நடந்த ஒரு சோதனை. 2010 வாக்கில், அக்கம்பக்கத்தில் போட்டியில்லாத சுமார் பத்து மருத்துவமனைகள் வேறு ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொண்டன. ஆண்டுக்கு இவ்வளவு வருமானம் என்று முன்கூட்டியே முடிவாகிவிடும். எத்தனை பேர் வந்தாலும் அவ்வளவுதான்.

அப்பலேச்சிய மலைப்பகுதியில் உள்ள கம்பர்லாண்டின் வெஸ்டர்ன் மேரிலாண்ட் மருத்துவமனையும் அவற்றில் ஒன்று. நிலக்கரியும் ரயிலும் கைவிட்ட, வயதானவர்கள் மிகுந்த ஊர். பேரி ரோனன் அப்போது அதன் தலைமை நிர்வாகி. நீரிழிவு, இதயச் செயலிழப்பு என்று திரும்பத் திரும்ப வந்து படுப்பவர்களுக்காக ஒரு தனி கிளினிக் திறந்தார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, எடை ஏறுகிறதா என்று பார்க்க ஆள் போட்டார்கள். முதியோர் இல்லங்களோடு தொடர்பு வைத்துக்கொண்டார்கள். இதெல்லாம் எந்த மருத்துவமனைக்கும் தெரியாத ரகசியம் இல்லை. முன்பு இதைச் செய்தால் படுக்கை காலியாகி நஷ்டம் வரும். இப்போது படுக்கை காலியானால் மிச்சம். சேர்க்கைகள் குறைந்தன.

2014 ஜனவரியில் மத்திய அரசோடு புது ஒப்பந்தம் வந்தது. அந்த ஆண்டு நடுப்பகுதிக்குள் மாநிலத்தின் எல்லாப் பொதுச் சிகிச்சை மருத்துவமனைகளும் மொத்த பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டன. தலைக்கு மருத்துவமனைச் செலவு ஆண்டுக்கு 3.58 சதவீதத்துக்கு மேல் வளரக்கூடாது, ஐந்து ஆண்டில் மெடிகேருக்கு 33 கோடி டாலர் மிச்சப்படுத்த வேண்டும் என்பவை முக்கிய நிபந்தனைகள்.

பணம் எப்படிப் போகிறது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாதாமாதம் யாரும் காசோலை கொடுப்பதில்லை. பழையபடி நாளுக்கு இவ்வளவு, நிமிஷத்துக்கு இவ்வளவு என்றுதான் பில் போகும். ஒரு மருத்துவமனையின் ஆண்டு பட்ஜெட் 20 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகள் 4 சதவீதம் குறைந்தால், பழைய விலையில் 19.2 கோடிதான் வரும். ஆகவே அது தன் விலைகளை எல்லாம் 4.2 சதவீதம் உயர்த்திக்கொள்ளலாம், கணக்கு மறுபடி 20 கோடிக்கு வந்து நிற்கும். 4 சதவீதம் கூடினால் விலையைக் கிட்டத்தட்ட அதே அளவு இறக்க வேண்டும். 5 சதவீதம் வரை தானாகவே மாற்றலாம். அதற்கு மேல் 10 வரை போக ஆணையத்தின் அனுமதி வேண்டும். கூட்டம் குறைந்தால் விலை ஏறும், கூடினால் இறங்கும். கடைத்தெருவில் பழகிய மூளைக்கு இது தலைகீழ். ஆனால் கனடா பல காலமாக மருத்துவமனைகளை நடத்துவதன், பிரிட்டன் தன் மருத்துவச் சேவை முழுவதையும் நடத்துவதன் சாரம் இதுதான்: இந்த ஆண்டு இவ்வளவு, இதற்குள் பார்த்துக்கொள். கனடாவின் ஒன்டாரியோவில் காப்பீடு உள்ளவருக்கு வார்டு பில் என்று ஒன்று வருவதே இல்லை. ஆம்புலன்ஸுக்கு 45 டாலர் வரலாம், வாகன நிறுத்தத்துக்குக் காசு ஆகும், அவ்வளவுதான்.

மத்திய அரசு வெளி நிறுவனம் ஒன்றைக்கொண்டு இந்த ஐந்து ஆண்டை மதிப்பிட்டது. ஒப்பீட்டுக்கு எடுத்த மற்ற பகுதிகளோடு பார்த்தால் மெடிகேருக்கு 97.5 கோடி டாலர், அதாவது 2.8 சதவீதம் மிச்சம். கேட்டதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. தனியார் இன்ஷூரன்ஸ் உள்ளவர்களிடம் கதை அவ்வளவு இனிக்கவில்லை. மருத்துவமனைச் செலவின் வளர்ச்சி மட்டுப்பட்டது, ஆனால் மொத்தச் செலவு குறையவில்லை. கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த டாக்டர் கட்டணங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2019இல் வந்த அடுத்த ஒப்பந்தம் மருத்துவமனையோடு நிற்காமல் மெடிகேரின் மொத்தச் செலவையே இலக்காக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டைகள்

பட்ஜெட் கையில் இருக்கும்போது, முழங்கால் அறுவையை வெளியே ஒரு தனி அறுவை மையத்துக்குத் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? மருத்துவமனைக்குப் பணம் வந்துவிட்டது, மையத்துக்கும் இன்ஷூரன்ஸ் தனியாகக் கொடுக்கிறது. ஒரே முழங்காலுக்கு இரண்டு முறை பணம். நோயாளிகள் ஒரு மருத்துவமனையை விட்டு இன்னொன்றுக்குப் போனால் பட்ஜெட்டையும் கூடவே நகர்த்த ஆணையம் கணக்குப் போடுகிறது. மாநில எல்லையைத் தாண்டிப் போனால், மருத்துவமனைக் கட்டடத்தை விட்டே வெளியேறினால் அந்தக் கணக்கு தடுமாறுகிறது.

இன்னொரு விமர்சனம் மத்திய அரசின் பக்கமிருந்து வருவது. எல்லோருக்கும் ஒரே விலை என்றால் தனியார் குறைவாகக் கொடுக்கிறது, சரி. மறுபக்கம் மெடிகேர் மற்ற மாநிலங்களில் கொடுப்பதைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கொடுக்கிறது. அந்தக் கூடுதலை நாடு முழுவதும் உள்ள வரிகட்டுவோர் சுமக்கிறார்கள். ‘மேரிலாண்ட் எல்லா இடத்துக்கும் பொருந்துமா’ என்று கேட்பவர்கள் முதலில் கை வைப்பது இந்த இடத்தில்தான், அது நியாயமான கேள்வியும்கூட.

எனக்கு இவற்றைவிட உறுத்தலாக இருப்பது ஏழைகள் விஷயம். பணம் கட்ட முடியாதவர்களின் செலவு விலைக்குள்ளேயே இருக்கிறது என்று மேலே சொன்னேன். கூட்டாட்சி வறுமைக்கோட்டின் இரண்டு மடங்குக்குள் வருமானம் இருந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்று மாநிலச் சட்டமும் சொல்கிறது. இருந்தும், அந்தத் தகுதி உள்ளவர்களிடமே மருத்துவமனைகள் ஆண்டுக்குப் பல கோடி டாலர் கேட்டு வாங்கியிருக்கின்றன என்று ஆணையத்தின் அறிக்கையே 2021இல் காட்டியது. சிலர்மீது வழக்கும் போட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு வந்த புதுச் சட்டம் 1,000 டாலருக்கு உட்பட்ட பாக்கிக்கு வழக்கு போடுவதைத் தடுத்தது, பாக்கிக்காகக் குடியிருக்கும் வீட்டின்மீது உரிமை கோருவதையும் தடுத்தது. விலையைச் சரியாக எழுதிவிட்டு வசூல் கவுண்ட்டரை மறந்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

கடைசியாகக் காத்திருப்பு. மொத்த பட்ஜெட்டில் ஓடும் எல்லா நாட்டிலும் வருகிற புகார் இது. இங்கிலாந்தில் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தாண்டியது. மேரிலாண்டில் அது எமர்ஜென்சி வார்டில் தெரிகிறது. அங்கே நோயாளிகள் காத்திருக்கும் நேரம் பல ஆண்டுகளாக அமெரிக்காவிலேயே மிக நீளமானவற்றுள் ஒன்று. மக்கள்தொகைக்கு மருத்துவமனைப் படுக்கைகள் தேசிய சராசரியைவிடக் குறைவு. காலி படுக்கை மிச்சம் என்று சொல்லிக் கொடுத்தால், படுக்கையைக் கூட்ட யாருக்கு மனம் வரும் என்கிறார்கள் ஒரு தரப்பினர். மனநலப் படுக்கைகளும் முதியோர் இல்ல இடங்களும் போதாததால் டிஸ்சார்ஜ் ஆக வேண்டியவர்கள் வார்டுகளிலேயே தேங்கி நிற்கிறார்கள், பட்ஜெட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம் என்கிறது மறுதரப்பு. பட்ஜெட் முறைக்கு முன்பே மேரிலாண்டின் எமர்ஜென்சி வார்டுகள் மெதுவானவைதான் என்பது இரண்டாவது தரப்புக்குச் சாதகம். அதன் பிறகும் சரியாகவில்லை என்பது முதல் தரப்புக்கு.

2024இல் சட்டசபை இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு நவம்பரில், மத்திய அரசின் ‘அஹெட்’ என்ற புதிய திட்டத்தில் சேர மாநிலம் கையெழுத்திட்டது. 2026 ஜனவரி முதல் மேரிலாண்டின் மருத்துவமனை பட்ஜெட்டுகள் அதன் கீழ் நடக்க வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. பால்டிமோரில் ஆணையத்தின் மாதாந்திரக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. அறுவை அரங்கின் ஒரு நிமிஷம் என்ன விலை என்று முடிவெடுப்பவர்களை நேரில் உட்கார்ந்து பார்க்கலாம். எமர்ஜென்சியில் விடியவிடியக் காத்திருந்தவர்களும் அங்கே வந்து உட்காரலாம்.